எம்.எஸ். களைப்புக்கு வைட்டமின் டி மருந்தாகுமா? – வாசகர் கேள்விகளும் நரம்பியல் மருத்துவரின் பதில்களும்

நோய் எதிர்ப்பு மண்டலமே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைச் சிதைக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) நோயில் வரும் களைப்பையும் வைட்டமின் டி மாத்திரையையும் இணைத்து வந்த கடிதங்களிலிருந்து ஐந்து கேள்விகள் இங்கே தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளன. எழுதியவர்களின் பெயர்கள் தவிர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: எனக்கு வயது 36. நான்கு ஆண்டுகளுக்கு முன் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் இருப்பது தெரியவந்தது. மருந்தைத் தவறாமல் எடுத்துக்கொள்கிறேன். இரண்டு ஆண்டுகளாக நோய் மறுபடியும் தாக்கவில்லை. ஆனால் களைப்பு மட்டும் என்னை விடுவதாக இல்லை. இரவு நன்றாகத் தூங்கி எழுந்தாலும் பிற்பகலில் கையைத் தூக்கித் தலை வாரக்கூட முடியாத அளவுக்கு அசதி வந்துவிடுகிறது. அண்மையில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி அளவு 14 என்று வந்தது. வாரத்துக்கு ஒன்று என எட்டு வாரங்களுக்கு மாத்திரை எழுதித் தந்திருக்கிறார்கள். இதே நோயுள்ள என் தோழி, வைட்டமின் டி எடுக்கத் தொடங்கிய பிறகு தன் களைப்பு போயே போய்விட்டது என்கிறாள். எனக்கும் அப்படி ஆகும் என்று நம்பலாமா?

பதில்: மாத்திரையை அவசியம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் எம்.எஸ். களைப்பு அதனால் தீர்ந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். இரண்டையும் ஏன் பிரித்துச் சொல்கிறேன் என்பதைச் சற்று விரிவாகவே விளக்க வேண்டும்.

முதலில் உங்கள் பரிசோதனை அறிக்கையை எடுத்து, 14 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் எந்த அலகு அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். சில ஆய்வகங்கள் மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்று தருகின்றன. வேறு சில, லிட்டருக்கு இத்தனை நானோமோல் என்று தருகின்றன. ஒரு நானோகிராம் கணக்கு இரண்டரை நானோமோலுக்குச் சமம். ஆகவே 14 நானோகிராம் என்றால் மிதமான குறைபாடு. 14 நானோமோல் என்றால் அது வெறும் 5.6 நானோகிராம்தான், அதாவது கடுமையான குறைபாடு. 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு என்று பொதுவாகக் கொள்வது வழக்கம். எப்படிப் பார்த்தாலும் உங்களுடையது குறைவுதான், ஈடுசெய்ய வேண்டியதுதான்.

இனி களைப்பு. எம்.எஸ். உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் களைப்பு இருக்கிறது. நடப்பதில் சிரமமே இல்லாதவர்கள்கூட வேலையை விடுவதற்கு அதுவே காரணமாகிவிடுவதுண்டு. மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்பு இழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறை சிதைவதால், முன்பு எளிதாகக் கடந்துபோன நரம்புச் செய்தியைக் கடத்துவதற்கு இப்போது கூடுதல் ஆற்றல் செலவாகிறது. ஒரே செயலைச் செய்வதற்கு மூளை முன்னைவிட அதிகமான பகுதிகளை வேலைக்கு இழுக்கிறது. நோய் எதிர்ப்பு மண்டலம் சுரக்கும் அழற்சிப் பொருள்களும் இதற்குத் துணைபோகின்றன. இவற்றில் எதுவும் வைட்டமின் டி குறைபாட்டால் மட்டும் உண்டாவதல்ல. ஆகவே அந்தக் குறைபாட்டை நிரப்புவதால் மட்டும் இவை சரியாகும் என்று எதிர்பார்ப்பதற்கும் அடிப்படை இல்லை.

அப்படியானால், களைப்பு மிகுந்த எம்.எஸ். நோயாளிகளின் ரத்தத்தில் வைட்டமின் டி குறைவாக இருப்பதாகப் பல கணக்கெடுப்புகள் சொல்கின்றனவே என்று நீங்கள் கேட்கலாம். எது காரணம், எது விளைவு என்பதில்தான் சிக்கல். நமக்கு வேண்டிய வைட்டமின் டியில் பெரும்பகுதியைத் தோலே வெயிலின் புற ஊதாக் கதிரைக் கொண்டு தயாரித்துக்கொள்கிறது. களைப்பில் கிடப்பவர் வெளியே போவதில்லை. எம்.எஸ். உள்ளவர்களுக்கு உடல் வெப்பம் சற்று கூடினாலே பார்வை மங்கும், கால் கனக்கும். ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் 1890-இலேயே விவரித்த இந்த நிகழ்வு இன்றும் அவர் பெயராலேயே அறியப்படுகிறது. அதற்கு அஞ்சி வெயிலைத் தவிர்ப்பவர்கள் ஏராளம். எனவே வைட்டமின் டி குறைந்ததால் களைப்பு வந்ததா, களைப்பால் வீட்டுக்குள்ளேயே இருந்ததால் வைட்டமின் டி குறைந்ததா என்பதை ஒரு ரத்தப் பரிசோதனையை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

அதைப் பிரித்தறிய ஒரே வழி, ஒரு சாராருக்கு வைட்டமின் டியும் மறு சாராருக்குப் பிளாசிபோ எனப்படும் வெற்று மாத்திரையும் கொடுத்து, யாருக்கு எது என்று எவருக்கும் தெரியாமல் ஒப்பிடுவது. நார்வேயில் இப்படி ஓர் ஆய்வு நடந்து 2012-இல் வெளியானது. வாரத்துக்கு 20,000 அலகு (வைட்டமின் அளவைக் குறிக்கும் சர்வதேச அலகு, ஐ.யூ.) வீதம் 96 வாரங்கள் கொடுத்தார்கள். ரத்தத்தில் வைட்டமின் டி அளவு இரண்டு மடங்குக்கும் மேல் உயர்ந்தது; களைப்பில் இரு சாராருக்கும் வேறுபாடு தென்படவில்லை. ஆய்வில் இருந்தவர்கள் எழுபது பேர் அளவில்தான் என்பதையும், களைப்பு அதன் முதன்மைக் கேள்வி அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2018-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 12 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 933 பேரையும் தொகுத்துப் பார்த்தபோது, நோய் மறுதாக்குதலையோ இயலாமையையோ வைட்டமின் டி குறைத்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. களைப்பின் மீதான விளைவு தெளிவாக இல்லை என்றே முடிவு சொல்லப்பட்டது.

உங்கள் தோழி பொய் சொல்லவில்லை. எம்.எஸ். இல்லாத, ஆனால் களைப்பும் வைட்டமின் டி குறைபாடும் உள்ள 120 பேருக்கு ஸ்விட்சர்லாந்தில் ஓர் ஆய்வு நடந்தது, 2016-இல் வெளியானது. ஒரே ஒரு தடவை 1,00,000 அலகு கொடுக்கப்பட்டவர்களில் 72 சதவீதத்தினர் நான்கு வாரங்களில் களைப்பு குறைந்ததாகச் சொன்னார்கள். வெற்று மாத்திரை பெற்றவர்களிலும் 50 சதவீதத்தினர் அதையே சொன்னார்கள். இந்த இரண்டு எண்களையும் ஒருசேரப் படிக்க வேண்டும். உண்மையான குறைபாடு இருந்தால் அதைச் சரிசெய்வதில் ஓரளவு பலன் உண்டு என்று முதல் எண் சொல்கிறது. ஒருவர் தன் அனுபவத்தில் கண்ட முன்னேற்றத்தில் எவ்வளவு மாத்திரையால் வந்தது, எவ்வளவு காலத்தாலும் நம்பிக்கையாலும் வந்தது என்று அவராலேயே பிரித்துச் சொல்ல இயலாது என்று இரண்டாவது எண் சொல்கிறது.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என் கவனத்தை ஈர்த்தது: கையைத் தூக்கித் தலை வார முடியவில்லை என்பது. வைட்டமின் டி கடுமையாகக் குறைந்தவர்களுக்குத் தோளையும் இடுப்பையும் ஒட்டிய தசைகள் பலமிழக்கும். மாடிப்படி ஏறுவதும், தாழ்வான இருக்கையிலிருந்து கையூன்றாமல் எழுவதும் கடினமாகும். எலும்புகளில் மந்தமான வலி இருக்கும். நோயாளி இதையும் களைப்பு என்றே சொல்வார். உங்களுக்கு அப்படிப்பட்ட பலவீனம் இருந்தால், மாத்திரையால் அந்தப் பகுதி சில வாரங்கள் முதல் சில மாதங்களில் தேறக்கூடும். எம்.எஸ். களைப்பு அதன்பிறகும் மிச்சமிருந்தால் மாத்திரை வேலை செய்யவில்லை என்று எண்ண வேண்டாம். அதன் வேலை வேறு. எம்.எஸ். உள்ளவர்கள் தடுமாறி விழும் வாய்ப்பு அதிகம்; நோய் தாக்கும்போதெல்லாம் ஸ்டீராய்டு எடுத்திருப்பார்கள்; நடமாட்டம் குறைந்திருக்கும். முதலாவது எலும்பை முறிக்கக்கூடியது, மற்ற இரண்டும் எலும்பை மெலியச் செய்பவை. எலும்பைக் காப்பது ஒன்றே இந்த மாத்திரையை எடுத்துக்கொள்ளப் போதிய காரணம்.

கேள்வி: வைட்டமின் டி எம்.எஸ். நோயையே கட்டுப்படுத்துகிறது என்று பிரான்ஸ் நாட்டு ஆய்வில் தெரியவந்திருப்பதாகச் செய்தியில் படித்தேன். அப்படியானால் அதிக அளவில் எடுத்தால் களைப்பும் குறையத்தானே வேண்டும்? நாளொன்றுக்கு 40,000 அலகு வரை எடுக்கச் சொல்லும் ஒரு சிகிச்சை முறையைப் பற்றியும் கேள்விப்பட்டேன். முயன்று பார்க்கலாமா?

பதில்: நீங்கள் படித்த ஆய்வு உண்மையானது, நல்ல முறையில் நடந்த ஆய்வும்கூட. 2025-இல் வெளியான அதில், எம்.எஸ். நோயின் முதல் அறிகுறி தோன்றிய சில வாரங்களிலேயே, வேறு எந்த எம்.எஸ். மருந்தும் தொடங்காத நிலையில் இருந்தவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 1,00,000 அலகு வீதம் இரண்டு ஆண்டுகள் கொடுக்கப்பட்டது. வெற்று மாத்திரை பெற்றவர்களில் 74 சதவீதத்தினரிடம் நோயின் செயல்பாடு தென்பட்டது. வைட்டமின் டி பெற்றவர்களில் அது 60 சதவீதமாக இருந்தது. ஆனால் இந்த வேறுபாடு முக்கியமாக எம்.ஆர்.ஐ. படங்களில் தெரிந்த புதிய தழும்புகளில்தான் இருந்தது. நோய் மறுதாக்குதலின் எண்ணிக்கையில் தெளிவான வேறுபாடு இல்லை. களைப்பைக் குறைப்பது அந்த ஆய்வின் நோக்கமும் அல்ல.

இதற்கு எதிர்ப்பக்கத்திலும் ஆய்வுகள் இருக்கின்றன. அமெரிக்காவில் கிளாட்டிராமர் என்ற எம்.எஸ். மருந்தை எடுத்துக்கொண்டிருந்த 172 பேரில் ஒரு சாராருக்குத் தினமும் 5,000 அலகும் மறு சாராருக்கு 600 அலகும் கொடுத்துப் பார்த்தார்கள். 2023-இல் வெளியான முடிவு, மறுதாக்குதலில் வேறுபாடு இல்லை என்பதுதான். எனவே நோயின் தொடக்கத்தில் கிடைக்கும் ஒரு பலன், ஏற்கெனவே எம்.எஸ். மருந்து எடுப்பவருக்கும் கிடைக்கும் என்றோ, எம்.ஆர்.ஐ. படத்தில் கிடைத்த பலன் களைப்பிலும் கிடைக்கும் என்றோ தாவிச் செல்ல முடியாது.

40,000 அலகு என்பதற்கு என் பதில் ஒரே சொல்: வேண்டாம். மருத்துவரின் மேற்பார்வை இல்லாமல் பெரியவர்கள் தினமும் எடுக்கக்கூடிய உச்ச வரம்பு 4,000 அலகு. இது கொழுப்பில் கரையும் வைட்டமின். மிஞ்சியது சிறுநீரில் போய்விடாது, உடம்பிலேயே தங்கும். அளவு மீறும்போது ரத்தத்தில் கால்சியம் ஏறுகிறது. தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், குமட்டல், மனக்குழப்பம், தசைத் தளர்ச்சி, எல்லாவற்றுக்கும் மேலாகக் களைப்பு ஆகியவை அதன் அறிகுறிகள். இவற்றில் பாதி எம்.எஸ். நோயிலும் வருபவை என்பதால், நோய் முற்றிவிட்டது என்று எண்ணி மாத்திரையை இன்னும் கூட்டுகிறவர்களும் உண்டு. முடிவில் சிறுநீரகக் கல்லோ சிறுநீரகச் செயலிழப்போ வந்த பிறகுதான் விஷயம் வெளிப்படும். வாரம் ஒன்று எடுக்க வேண்டிய பெரிய மாத்திரையைத் தவறுதலாகத் தினமும் விழுங்குவதும் இதே நிலைக்குக் கொண்டுபோகும். வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் வேறொருவராக இருந்தால், எந்தக் கிழமை என்று உறையின் மேலேயே எழுதி வையுங்கள்.

கேள்வி: ஆல்ஃபாகால்சிடால் என்ற மாத்திரை எம்.எஸ். களைப்பைக் குறைப்பதாக நிரூபிக்கப்பட்டிருக்கிறது என்கிறார்களே? அதுவும் வைட்டமின் டிதானே?

பதில்: அதே குடும்பம், ஆனால் அதே பொருள் அல்ல. சாதாரண வைட்டமின் டி கல்லீரலில் ஒரு மாற்றமும் சிறுநீரகத்தில் ஒரு மாற்றமும் அடைந்த பிறகே செயல்படத் தொடங்குகிறது. உடம்புக்குத் தேவையில்லாதபோது சிறுநீரகம் இரண்டாவது மாற்றத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆல்ஃபாகால்சிடாலில் அந்த இரண்டாவது மாற்றம் ஆலையிலேயே செய்யப்பட்டுவிட்டது. ஆகவே சிறுநீரகம் போடும் தடை அதற்கு இல்லை. கால்சியம் ஏறும் ஆபத்து கூடுதல்.

நீங்கள் குறிப்பிடும் ஆய்வு இஸ்ரேலில் 158 பேரிடம் நடந்தது, 2015-இல் வெளியானது. தினமும் 1 மைக்ரோகிராம் ஆறு மாதங்கள் எடுத்தவர்களுக்கு, வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிடக் களைப்பு மதிப்பெண் அதிகமாகக் குறைந்தது. முடிவு ஊக்கம் தருவதுதான். நானும் அதை அலட்சியப்படுத்தவில்லை. ஆனால் ஒரே மையத்தில் நடந்த ஒரே ஆய்வை வைத்து, கால்சியம் அளவைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டிய ஒரு மருந்தைக் களைப்புள்ள எல்லோருக்கும் எழுதிக் கொடுக்க என்னால் இயலாது. அந்த முடிவைச் சாதாரண வைட்டமின் டி மாத்திரைக்கும் பொருத்தி விளம்பரம் செய்வது அதைவிடப் பெரிய தவறு.

கேள்வி: என் கணவருக்கு எம்.எஸ். வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஓராண்டாக வைட்டமின் டி எடுத்துவருகிறார்; இப்போது அளவு 38 நானோகிராம். ஆனாலும் பகலெல்லாம் படுத்தே இருக்கிறார். வீட்டில் பெரியவர்கள் அதைச் சோம்பல் என்கிறார்கள். அளவை இன்னும் கூட்ட வேண்டுமா? இதற்கு வேறு வழியே இல்லையா?

பதில்: 38 போதுமானது, கூட்ட வேண்டாம். இனி வைட்டமின் டியைத் தாண்டிப் பாருங்கள் அம்மா. களைப்பு என்றதும் வைட்டமின் டியைப் பரிசோதித்து, அதைச் சரிசெய்ததோடு எல்லாரும் திருப்தியடைந்துவிடுவதால், கண்ணெதிரே இருக்கும் காரணம் தப்பிவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன்.

நான் முதலில் கேட்பது, இரவில் எத்தனை தடவை சிறுநீர் கழிக்க எழுகிறார் என்பதுதான். எம்.எஸ். சிறுநீர்ப்பையின் கட்டுப்பாட்டைப் பாதிக்கும். மூன்று நான்கு தடவை எழுபவருக்குத் தூக்கமே துண்டுதுண்டாகிவிடும், ஆனால் காலையில் கேட்டால் எட்டு மணி நேரம் படுத்திருந்தேன் என்பார். இரவில் காலில் தசை இறுக்கம் வருகிறதா, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருகிறதா என்பதை அவரைவிட நீங்கள் நன்றாகச் சொல்ல முடியும். அடுத்தது, அவர் எடுக்கும் மருந்துகள். தசை இறுக்கத்துக்கான பேக்லோஃபென், டிசானிடின், நரம்பு வலிக்கான கபாபென்டின், பிரீகாபலின் ஆகிய எல்லாமே தூக்கக் கலக்கம் தரக்கூடியவை. நேரத்தையோ அளவையோ மாற்றினாலே பகலில் தெளிவு வருவதுண்டு. ஆனால் மருத்துவரைக் கேட்காமல் பேக்லோஃபெனைச் சட்டென நிறுத்திவிடக் கூடாது, வலிப்பு வரக்கூடும். முகத்தில் மின்னலடிப்பது போன்ற வலிக்குக் கார்பமாசெபைன் எடுத்தால், அது தூக்கக் கலக்கம் தருவதோடு வைட்டமின் டியையும் விரைவாகச் சிதைக்கும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ரத்த சோகை, தைராய்டு, பி12 ஆகியவற்றுக்கான பரிசோதனைகள் எளியவை, செய்துவிடலாம். மனச்சோர்வைக் கேட்பதற்குத்தான் எல்லாரும் தயங்குகிறார்கள். எம்.எஸ். உள்ளவர்களிடம் அது மிகப் பரவலாகக் காணப்படுகிறது. செய்ய ஆசை இருக்கிறது, உடம்பு ஒத்துழைக்கவில்லை என்றால் அது பெரும்பாலும் எம்.எஸ். களைப்பு, எதிலுமே ஆசை இல்லை, பிடித்த காரியமும் கசக்கிறது என்றால் மனச்சோர்வையும் கருத வேண்டும். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். களைப்பு திடீரென்று சில நாட்களில் கூடியிருந்தால் சிறுநீர்த் தொற்று போன்ற ஏதேனும் தொற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இவையெல்லாம் நீங்கிய பிறகும் மிஞ்சுவதுதான் எம்.எஸ். நோய்க்கே உரிய களைப்பு. அதற்கு நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டுவந்த அமன்டடின், மோடாஃபினில், மெத்தில்ஃபெனிடேட் என்ற மூன்று மருந்துகளையும் 141 பேரிடம் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட ஆய்வு 2021-இல் வெளியானது. 84-க்கு மதிப்பிடப்படும் களைப்பு அளவுகோலில் தொடக்கத்தில் சராசரி 51 ஆக இருந்தது. வெற்று மாத்திரையில் அது 41 அளவுக்கும், மூன்று மருந்துகளிலும் 39 முதல் 41 வரைக்கும் இறங்கியது. வெற்று மாத்திரையை எந்த மருந்தும் தெளிவாக வெல்லவில்லை. பக்கவிளைவுகள் மட்டும் மருந்துகளில் அதிகம். எனவே மாத்திரையைத் தேடி அலைவதற்கு முன், உடற்பயிற்சியும், களைப்பைக் கையாளப் பழக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் உதவுகின்றன என்பதற்கான சான்றுகளைக் கவனிக்க வேண்டும். இவ்விரண்டும் கேட்பதற்குச் சப்பென்று இருப்பதால்தான் யாரும் பொருட்படுத்துவதில்லை என்பது என் ஆதங்கம்.

படுத்தே கிடப்பவரிடம் உடற்பயிற்சி செய் என்பது கொடுமையாகத் தோன்றலாம். பத்து நிமிடங்களில் தொடங்கி, உடம்பு சூடேறாத நேரத்தில், குளிர்ந்த அறையில், இயன்மருத்துவரின் துணையோடு மெல்ல மெல்லக் கூட்டிச் செல்ல வேண்டும். அன்றாட வேலைகளில் மூளைக்கும் உடம்புக்கும் கடினமானவற்றை அவர் தெளிவாக இருக்கும் நேரத்துக்கு மாற்றி, களைத்து விழுந்த பிறகு ஓய்வெடுக்காமல் களைப்பு வரும் முன்பே குறித்த நேரத்தில் சிறிது ஓய்வெடுக்கப் பழக்கலாம். வீட்டுப் பெரியவர்களை அடுத்த முறை மருத்துவரிடம் உடன் அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் எத்தனை தடவை சொன்னாலும் ஏற்காதவர்கள், இது நோயின் அறிகுறி என்று மருத்துவர் ஒரு தடவை சொன்னால் ஏற்றுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: முடி உதிர்வதற்காகப் பயோட்டின் மாத்திரை எடுக்கிறேன், கூடவே தினமும் 25 மைக்ரோகிராம் வைட்டமின் டி. இந்த அளவு மிகக் குறைவாகத் தெரிகிறது. எட்டு வாரம் கழித்து மறுபரிசோதனை செய்யச் சொல்லியிருக்கிறார்கள். ஏதேனும் கவனிக்க வேண்டுமா?

பதில்: 25 மைக்ரோகிராம் என்பது 1,000 அலகு, 40 அலகு ஒரு மைக்ரோகிராமுக்குச் சமம். புட்டியின் மேல் எண் சிறிதாக இருப்பதைப் பார்த்துக் குறைவு என்று எண்ண வேண்டாம். மாத்திரையை வெறும் வயிற்றில் எடுக்காமல், சிறிதளவேனும் கொழுப்புள்ள உணவோடு எடுங்கள். ரத்த அளவு ஒரு நிலைக்கு வர இரண்டு மூன்று மாதங்கள் ஆகும் என்பதால் எட்டு வாரத்துக்கு முன்பு பரிசோதிப்பதில் பயனில்லை. பன்னிரண்டு வாரம் என்றாலும் தவறில்லை.

பயோட்டினைப் பற்றிக் கேட்டது நல்லதாயிற்று. அதிக அளவு பயோட்டின் சில ஆய்வகங்களின் பரிசோதனை முறையையே குழப்பி, வைட்டமின் டி உண்மையில் இருப்பதைவிடக் கூடுதலாகவும், தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். குறைவாகவும் இருப்பதாகக் காட்டிவிடும். களைப்புக்குக் காரணம் தேடும் ஒருவருக்கு இந்த இரண்டு எண்களுமே முக்கியமானவை. ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே பயோட்டினை நிறுத்தலாமா என்று உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். ஆய்வகத்தில் ரத்தம் எடுப்பவரிடமும் அதை எடுத்துவந்ததாகச் சொல்லிவிடுங்கள்.